குழந்தைப் பொருள் வாடகைத் தொழில்: தொடங்கும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இந்தத் தொழிலைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது தொட்டில். நானும் அப்படித்தான் நான்கு மரத் தொட்டில்கள் வாங்கினேன். அவற்றில் இரண்டு, ஒரு வருஷம் ஹாலிலேயே நின்றன. நம் குழந்தைகள் தூளியில் தூங்குகிறவர்கள். ஒரு கொக்கி, பாட்டியின் பழைய நூல் சேலை, அவ்வளவுதான் செலவு. அந்தப் பழக்கத்தோடு போட்டி போட வேண்டாம். என்னிடம் தொட்டில் கேட்டு வந்தவர்கள் இரண்டே வகை: கொக்கி அடிக்க வீட்டுக்காரர் விடாத அடுக்குமாடிக் குடித்தனக்காரர்கள், பெயர் சூட்டும் நாளுக்கு மட்டும் அலங்காரத் தொட்டில் தேடுகிறவர்கள்.

தேவை வேறு இடத்தில் இருக்கிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரையிலும், பிறகு டிசம்பரிலும் வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வருவார்கள். போன் செய்வது பெரும்பாலும் தாத்தாதான்: "மூணு வாரத்துக்கு ஒரு கார் சீட்டும் தள்ளுவண்டியும் வேணும்மா, ஏர்போர்ட்டுக்கே எடுத்துட்டுப் போகணும்." அடுத்தது, வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துப் புகுந்த வீடு திரும்பும்போது தூக்கிக்கொண்டு போக முடியாத எதையும் அவர் வாடகைக்கு எடுப்பார். இரண்டு ஸ்ட்ரோலர் (தள்ளுவண்டி), இரண்டு கார் சீட், குழந்தையை உட்காரவைத்துச் சாப்பாடு ஊட்டும் உயர நாற்காலியான ஹை சேர் ஒன்று, ஒரு தாய்ப்பால் பம்ப். ஆரம்பத்துக்கு இது போதும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சாமான்களை வாங்கிச் சேர்ப்பது அடுத்த தவறு. பேரன் ஊருக்குப் போனதும், விட்டுப்போன சாமான்களைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மாடல் எண்ணை இணையத்தில் தேடிப் பார்க்காமல் ஒன்றையும் எடுக்காதீர்கள். ஃபிஷர்-பிரைஸின் ராக் 'ன் ப்ளே என்ற சாய்வுப் படுக்கையில் குழந்தைகள் இறந்ததால் 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் படுக்கைகளை அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். ஒரு பக்கச் சட்டம் கீழே இறங்கும் தொட்டில்களுக்கு அங்கே 2011லேயே தடை. தொட்டில் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அதுவும் வேண்டாம். நடைவண்டி, அதாவது குழந்தை உட்கார்ந்து உந்திப் போகும் வாக்கர், நிறையப் பேர் கேட்பார்கள். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே முடியாது. அதில் உட்கார்ந்த குழந்தை கண்மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ கொதிக்கும் குழம்புக்கோ போய்விடும். நான் வைத்துக்கொள்வதில்லை. கேட்பவரிடம் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கார் சீட் மட்டும் எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும் பழையது கூடாது. ஒரு தடவை விபத்தில் சிக்கிய சீட் வெளியே நன்றாகவே தெரியும், உள்ளே பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கலாம். புதிதாக வாங்குங்கள், அடியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைக் குறித்துவையுங்கள், தயாரிப்பாளர் சொல்லும் கெடு முடிந்ததும் பட்டையை வெட்டி எறியுங்கள். வெட்டாமல் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

பம்ப் விஷயத்தில்தான் அதிகம் பேர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். கடையில் விற்கும் பம்புகளில் பெரும்பாலானவை ஒரே தாய்க்கானவை. சிலவற்றில் பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவே தடுப்பே கிடையாது. குழாய் வழியாகப் பால்துளி உள்ளே போய் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெளியே எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த இடத்துக்கு வெந்நீர் எட்டாது. பலர் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் மருத்துவமனை ரகம் மட்டுமே வாடகைக்கு உரியது. அதிலும் மார்புக் கோப்பை, குழாய், வால்வு எல்லாம் ஒவ்வொரு தாய்க்கும் புது செட். அதற்கான விலையைத் தனியாக வாங்கிக்கொண்டு, சீல் பிரிக்காத பாக்கெட்டாகக் கையில் கொடுங்கள். பிரசவித்து பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் அதைத் தானே பிரித்துப் பார்க்கும்போது முகத்தில் வரும் நிம்மதி எனக்கு முக்கியம்.

சுத்தம் செய்வதை 'துடைத்தால் சரி' என்று நினைக்காதீர்கள். பெசன்ட் நகரிலிருந்து திரும்பிய ஒரு ஸ்ட்ரோலரைக் கவிழ்த்துத் தட்டினேன். மடக்கும் மூட்டுக்குள்ளிருந்து மணல், பிஸ்கட் தூள், அதைத் தேடி வந்த எறும்புச் சாரை. பின்சக்கர பிரேக் கம்பியில் உப்புக்காற்றுத் துரு ஏறியிருந்தது, மிதித்தால் முழுதாக இறங்கவில்லை. துணியை மட்டும் துவைத்து அனுப்பியிருந்தால் அந்த பிரேக்கோடுதான் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். ஆகவே ஒரு வாடகைக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு நாள், ஏனென்றால் ஸ்பாஞ்சு காயாது. கார் சீட் பட்டையை ஊறவைக்கவோ பிளீச் போடவோ கூடாது, இழை பலம் இழக்கும். ஈரத்துணியும் மென்சோப்பும் போதும். ஃபினாயில் வாசனை குழந்தையின் மூக்குக்கு ஆகாது.

வாடகை நிர்ணயத்தில் ஓர் உதாரணக் கணக்கு. ஸ்ட்ரோலர் 12,000 ரூபாய், மாத வாடகை 1,200. பத்து மாதத்தில் முதல் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் வருஷத்தில் பாதி நாள்தான் அது வெளியே இருக்கும், வரவு 7,200. ஐந்து வீடு என்றால் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவர 1,500, சக்கரம், உறை மாற்ற 700. மிச்சம் 5,000. முதல் திரும்ப இரண்டரை வருஷம். இதைத் தெரிந்துகொண்டு கடன் வாங்குங்கள்.

முன்பணம் வாங்கக் கூச்சப்படாதீர்கள். கொடுக்கும்போதே இருவரும் பார்க்க வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் திரும்பும்போது வாக்குவாதம் வராது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. ஒன்று பலருக்குத் தெரிவதில்லை: 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பால் பாட்டிலுக்கும் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்யக்கூடாது. 'பம்ப் எடுத்தால் பாட்டில் இலவசம்' என்று போஸ்டர் போட்டுவிடாதீர்கள்.

பொருளை வாசலில் வைத்துவிட்டு வருவதையும் விட்டுவிடுங்கள். கார் சீட் என்றால் கார் நிற்கும் இடத்துக்கே போங்கள். பழைய காராக இருந்தால் ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதாவது குழந்தை சீட்டை நேராக மாட்டக் காரிலேயே பொருத்தியிருக்கும் கொக்கி, இருக்காது, சீட் பெல்ட்டில்தான் கட்ட வேண்டும். சின்னக் குழந்தைக்குச் சீட் பின்புறம் பார்த்தபடி, பின் இருக்கையில். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் அதை வைக்கவே கூடாது. நீங்கள் மாட்டிக் காட்டியதும் கழற்றிவிட்டு, அப்பாவையோ தாத்தாவையோ அவர் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால், இன்னொரு தடவை.