பிளாக் ஃபாரஸ்ட் பயணம்: குளியல் நகரங்களில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

ஐரோப்பா பாக்கேஜ் டூரில் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பெரும்பாலும் ஒரே ஒரு நிறுத்தம்தான். சுவிட்சர்லாந்து போகிற வழியில் டிட்டிசே ஏரிக்கரையில் பஸ் நிற்கும். குக்கூ கடிகாரம் பற்றி ஒரு சின்ன விளக்கம், ஒரு துண்டு கேக், ஏரியோடு ஒரு போட்டோ, அவசரமாக ஒரு கழிப்பறை. அப்புறம் பஸ் ரைன் அருவிக்குக் கிளம்பிவிடும். காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர்கூட நடந்திருக்க மாட்டோம். ரோமானியர் காலத்திலிருந்து மக்கள் எந்த வெந்நீரைத் தேடி இந்தப் பக்கம் வந்தார்களோ, அதில் கால் நனைத்திருக்கவும் மாட்டோம்.

டூர் நடத்துகிறவர்களுக்கு நேரம் போதாது, அது புரிகிறது. ஆனால் சொந்தமாகத் திட்டம் போட்டுப் போகிறவர்களும் இதே ஓட்டத்தைத்தான் ஓடுகிறார்கள். இந்த ஊர்கள் எல்லாம் வந்து தங்கி, குளித்து, மெதுவாக நடந்து உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காக வளர்ந்தவை. அவற்றை 'கவர்' பண்ண நினைப்பதில்தான் முக்கால்வாசிச் சிக்கல் தொடங்குகிறது.

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். வடக்கு தெற்காக இந்த மலைக்காடு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளம். வடக்கே பாடன்-பாடன், பாட் வில்ட்பாட், ஃப்ராய்டன்ஸ்டட். நடுவில் ட்ரீபெர்க், குட்டாக். தெற்கே ஃப்ரைபுர்க், டிட்டிசே, 1,493 மீட்டர் உயரமுள்ள ஃபெல்ட்பெர்க் மலை, பாடன்வைலர். சாலைகள் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகும். மூன்று இரவுக்கு மூன்று ஓட்டல் போட்டால் பெட்டி கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். வடக்கா தெற்கா என்று முதலில் முடிவு செய்துகொண்டு, ஒரே ஊரில் தங்குங்கள். குளியல்தான் முக்கியம் என்றால் வடக்கு. ஏரியும் மலையும் வேண்டுமென்றால் தெற்கு.

பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டட் வரை மலை முகட்டில் போகும் பி500 சாலை சுமார் 60 கிலோமீட்டர். எல்லாரும் பரிந்துரைக்கும் சாலை, பரிந்துரைக்கத் தகுந்த சாலைதான். ஆனால் வெயிலடிக்கும் ஞாயிறு மதியம் அங்கே போனால் பைக் சத்தமும் பார்க்கிங் தேடலுமாகவே பொழுது கழியும். வார நாள் காலையில் போங்கள். 1,036 மீட்டர் உயரத்தில் முமெல்சே என்ற சின்ன ஏரி வரும். பலர் அங்கே இறங்கி ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏரிக்கு மேலே ஹோர்னிஸ்கிரிண்டே உச்சிக்கு நடந்து ஏறினால் ரைன் சமவெளி முழுக்க விரியும். வானம் தெளிவாக இருந்தால் அதற்கு அப்பால் பிரான்சின் வோஜ் மலைகளும் தெரியும்.

வானிலையை ஓட்டல் ஜன்னலில் பார்த்து முடிவு செய்வதும் தவறு. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, கீழே மூடுபனி கட்டியிருக்கும். அதே நேரத்தில் மேலே பளீரென்று வெயில் அடிக்கும். கோடையில் இது தலைகீழாகவும் நடக்கும். கிளம்புமுன் மலை உச்சி வெப்கேமராவை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஜூலையிலும் ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும்.

குளியல் விஷயத்தில்தான் அதிகம் தடுமாறுகிறோம்

பாடன்-பாடனில் இரண்டு பெரிய குளியல் இல்லங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, எது கிடைக்கிறதோ அதற்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஃப்ரீட்ரிக்ஸ்பாட் 1877-இல் திறந்தது. கட்டடத்துக்கு அடியில் ரோமானியக் குளியலறைகளின் எச்சங்கள் இருக்கின்றன. இங்கே நம் இஷ்டத்துக்குக் குளத்தில் இறங்கி ஏற முடியாது. வரிசையாக 17 கட்டங்கள்: ஷவர், 54 டிகிரி உலர்சூட்டு அறை, அதைவிடச் சூடான 68 டிகிரி அறை, வேண்டுமென்றால் சோப்பு நுரையும் பிரஷ்ஷும் வைத்து ஒரு தேய்ப்பு, ஆவி, பிறகு படிப்படியாகச் சூடு குறையும் குளங்கள், ஒரு குளிர்ந்த நீர் முழுக்கு, கடைசியில் போர்வை சுற்றிக்கொண்டு அரையிருட்டு அறையில் ஓய்வு. பெரிய குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் வட்டக் குளத்தில் யாரும் பேசமாட்டார்கள், தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று போகாதீர்கள். அரை நாளை ஒதுக்குங்கள்.

இங்கே மரபான முறை, உடம்பில் துணியே இல்லாமல் குளிப்பது. பல நாட்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குளிப்பார்கள். உள்ளே போய் லாக்கர் முன்னால் நின்றுகொண்டு அதிர்ச்சி அடைவதில் அர்த்தமில்லை. எந்த நாளுக்கு என்ன விதி என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்து, ஒத்துவராது என்றால் விட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பக்கத்தில் இருக்கும் காரகல்லா தெர்மே 1985-இல் வந்தது. இங்கே குளங்களில் நீச்சலுடை உண்டு, உள்ளேயும் வெளியேயும் இளஞ்சூட்டுத் தண்ணீர். குளிர்காலத்தில் திறந்தவெளிக் குளத்தில் தலை மட்டும் குளிரில், கழுத்துக்குக் கீழே வெந்நீர். சொர்க்கம்! நம்மவர்களில் முதல் முறை போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் இங்கேயும் சவுனா என்னும் வியர்வைச் சூட்டறைகள் உள்ள பகுதிக்கு ஏறினால் நீச்சலுடை கூடாது. தெரியாமல் போட்டுக்கொண்டு போனால் ஊழியர் வந்து மரியாதையாகக் கழற்றச் சொல்வார். ஜெர்மனி முழுக்கவே சவுனாவில் இதுதான் வழக்கம்.

அங்கே ஆடையில்லாமல் இருப்பது யாருக்கும் பெரிய விஷயமில்லை; முறைத்துப் பார்ப்பதுதான் அநாகரிகம். நண்பர்களோடு சேர்ந்து சிரிப்பதும் அப்படித்தான். போன் லாக்கரை விட்டு வெளியே வரவே கூடாது. சவுனா பலகையில் பெரிய துண்டை விரித்து, கால் பாதம் உட்பட உடம்பு முழுக்க அதற்கு மேலேதான் இருக்க வேண்டும். வியர்வை மரத்தில் படக்கூடாது என்பதில் கறாராக இருப்பார்கள்.

உடை பற்றி இன்னொன்று. டி-ஷர்ட், காட்டன் லெகிங்ஸ், உள்ளாடைக்கு மேல் பெர்முடா என்றெல்லாம் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நீச்சலுக்கென்றே தைத்த துணி வேண்டும். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடையைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள், முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகளோடு போகிறவர்கள் வயது வரம்பை அவசியம் பாருங்கள். பெரிய குளியல் இல்லங்களில் சிறு குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. அவர்களுக்குச் சறுக்குக் குழாயும் கூச்சலும் உள்ள நீர்ப் பூங்கா டிட்டிசே-நொய்ஸ்டட்டில் இருக்கிறது.

காசு கொடுத்தாயிற்று என்று மணிக்கணக்கில் வெந்நீரிலேயே ஊறாதீர்கள். கால் மணி நேரம், இருபது நிமிடம் இருந்துவிட்டு எழுந்து, தண்ணீர் குடித்து, சாய்ந்து ஓய்வெடுத்துவிட்டு மறுபடி இறங்குவதுதான் முறை. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குளியலை மலையேற்றத்துக்கு முன்னால் வைக்காதீர்கள், வெந்நீரிலிருந்து எழுந்த உடம்பு தூங்கத்தான் பார்க்கும். நடந்து களைத்து வந்த மாலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாடன்-பாடனில் தங்குகிறவர்கள் 'ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்' என்று ஓட்டல் தேடி ஏமாறுவதும் உண்டு. நிலையம் ஓஸ் என்ற பகுதியில், பழைய நகரத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ் பிடித்துத்தான் ஊருக்குள் வரவேண்டும்.

கூட்டமும் விலையும் ஒத்துவராதவர்களுக்குப் பாட் வில்ட்பாட் என் தேர்வு. என்ட்ஸ் ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து வரும் ரயில் ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விடும். பாலே தெர்மால் என்ற பழைய குளியல் இல்லத்தின் மூரிஷ் பாணிக் கூடத்தைப் பார்க்கவே போகலாம். இழுவை ரயிலில் சோமர்பெர்க் மலைக்கு ஏறினால் மர உச்சிகளின் உயரத்தில் ஒரு நடைபாதை, 380 மீட்டர் நீளத் தொங்குபாலம், காட்டுப் பாதைகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. காரே தேவையில்லை.

கையில் இருக்கும் கார்டை மறந்துவிடுவது

இந்தப் பகுதியின் பல ஊர்களில் ஓட்டலில் தங்கினால் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று குர்டாக்ஸெ என்னும் வரி வாங்குவார்கள். அதற்குப் பதிலாகக் கோனுஸ் என்ற விருந்தினர் அட்டை கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பிளாக் ஃபாரஸ்டின் பஸ்களிலும் உள்ளூர் ரயில்களிலும் இலவசமாகப் போகலாம். பலர் வரியைக் கட்டிவிட்டு அட்டையைக் கேட்காமல், தனியாக டிக்கெட்டும் வாங்குகிறார்கள். எல்லா ஊரும் இந்தத் திட்டத்தில் இல்லை, அதனால் ஓட்டல் புக் செய்யும் முன்பே கேளுங்கள். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் அட்டை செல்லாது.

அட்டை இருந்தால் ஷ்வார்ட்ஸ்வால்ட்பான் ரயிலில் ஒரு முறை போய்வாருங்கள். ஓஃபன்புர்க்கிலிருந்து கான்ஸ்டன்ஸ் போகும் பாதை, 1873-இல் முழுதாக முடிந்தது, 39 சுரங்கங்கள். ஹோர்ன்பெர்குக்கும் சாங்க்ட் கியோர்கனுக்கும் நேர்கோட்டில் 11 கிலோமீட்டர்தான். ஏற்றத்தைச் சமாளிக்கத் தண்டவாளம் வளைந்து வளைந்து 26 கிலோமீட்டர் போகிறது. ஒரே கிராமம் ஜன்னலில் முதலில் மேலேயும், பிறகு கீழேயும் தெரியும்.

ஞாயிறும் மதியம் மூன்று மணியும்

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் கிடையாது. சனிக்கிழமை மாலையே பால், ரொட்டி, பழம் வாங்கி வைத்துவிடுங்கள். கிராமத்து உணவகங்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய், மூடியிருக்கும். திறந்த நாளிலும் மதியம் இரண்டு மணிக்குச் சமையலறை ஓய்வுக்குப் போய்விட்டால் மறுபடி அடுப்பு எரிவது மாலையில்தான். இடையில் பசித்து வந்தால் கேக்கும் காபியும்தான் கதி. கார்டு வாங்காத கடைகளும் உண்டு, கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள். ஃப்ளாம்குகன் பீட்சா போலத் தெரியும், மேலே பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும். மௌல்டாஷன் கொழுக்கட்டை போல இருக்கும், உள்ளே கறி. பருப்பு என்று நம்பி லின்சன் வாங்கினால் கூடவே சாசேஜ் வரும். கேஸ்ஷ்பேட்ஸ்லெ சரி, அது சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி. வறுத்த உருளைக்கிழங்கோடு தயிர்க்கட்டி சேர்த்துத் தரும் பிபலஸ்கேஸ் நம் நாக்குக்கு இன்னும் ஒத்துப்போகும். நம் ஊர் பேக்கரி பிளாக் ஃபாரஸ்டை நினைத்து அங்கே குழந்தைக்குக் கேக் வாங்கித் தராதீர்கள். அசலில் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயம் தாராளமாக ஊற்றியிருப்பார்கள். க்ரீமில் ஜெலட்டின் சேர்ப்பதும் உண்டு.

காட்டுக்குள்

வடக்கே 2014-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவில் குறியிட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. காளான், பழம் பறிப்பதும் ட்ரோன் விடுவதும் கூடாது. விழுந்த மரங்களை அப்படியே போட்டு வைத்திருப்பதைப் பார்த்துப் பராமரிப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். 1999 டிசம்பர் 26 அன்று லோதார் என்ற புயல் சாய்த்த காடு தானாக எப்படி எழுகிறது என்பதை லோதார் பாதையில் நடந்தே பார்க்கலாம்.

புலி, யானை இல்லாத காடு என்று அலட்சியமாகப் புல்லுக்குள் உட்காராதீர்கள். இங்கே பயப்பட வேண்டியது உண்ணிக்கு. வால்பாறையில் அட்டை கடித்தால் வழியும் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். உண்ணி கடித்தது பெரும்பாலும் தெரியவே தெரியாது. பிளாக் ஃபாரஸ்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஏறக்குறைய முழுவதும் உண்ணியால் பரவும் மூளையழற்சிக்கான அபாயப் பகுதி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் உண்ணி பரப்பும் லைம் நோயை அந்த ஊசி தடுக்காது. நீளமான பேன்ட் போட்டு, சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துக் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, ஜெர்மனியில் காட்டுக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு லைம் நோய் நினைவுக்கு வர வாய்ப்புக் குறைவு.

ட்ரீபெர்க் அருவிக்கு 163 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி ஒரே வீச்சில் விழும் அருவியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஏழு படிகளாக விழுவதன் மொத்த உயரம் அது. கட்டணம் கட்டி உள்ளே போய், கீழ்ப்படியில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் மேல்வரை ஏறுங்கள். குக்கூ கடிகாரம் வாங்குகிறவர்கள் இயந்திரக் கடிகாரமா, பேட்டரி போட்டதா என்று கேளுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். இயந்திரக் கடிகாரம் இந்தப் பகுதியிலேயே செய்தது என்பதற்கு ஃபாவ்டேயெஸ் சான்றிதழ் கேளுங்கள். தினமும் சங்கிலி இழுக்கப் பொறுமை இல்லையென்றால் எட்டு நாள் ஓடும் வகையைக் கேளுங்கள், விலை கூடுதல்தான்.

சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பிப் பெண்ணின் படம் பிளாக் ஃபாரஸ்ட் முழுக்க ஒட்டியிருக்கும். அந்தத் தொப்பி உண்மையில் குட்டாக், கிர்ன்பாக், ரைஷன்பாக் என்ற மூன்று கிராமத்தாருடையது. கல்யாணமாகாதவர்களுக்குச் சிவப்பு, ஆனவர்களுக்குக் கறுப்பு. அந்த வாழ்க்கையைப் பார்க்கக் குட்டாக்கில் ஃபோக்ட்ஸ்பௌவர்ன்ஹோஃப் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1612-இல் கட்டிய பண்ணை வீட்டில் மாட்டுத் தொழுவமும் வைக்கோலும் மனிதர்களும் ஒரே பெரிய கூரைக்குக் கீழே இருந்ததை அங்கே பார்க்கலாம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் விமான டிக்கெட் போடும் முன்பே அதன் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.