பீர்டியூப் சர்வரில் பி2பி: எங்கே கோட்டை விடுகிறார்கள்

பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கும் பீர்டியூப், சொந்த சர்வரில் வீடியோ தளம் நடத்துவதற்கான மென்பொருள். அதில் ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் பார்ப்பவர்களின் பிரவுசர்கள் வீடியோத் துண்டுகளைத் தங்களுக்குள் கொடுத்து வாங்கும். இதுதான் பி2பி. 'ஒரே நேரத்தில்' என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நாள் முழுக்கச் சிதறி ஆயிரம் பேர் பார்க்கும் வீடியோ ஏறக்குறைய முழுக்க சர்வர் தலையில்தான் விழும். 2.5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2.5 மெகாபிட்) வீடியோவை 100 பேர் சேர்ந்து பார்த்தால் 250 எம்பிபிஎஸ் வேண்டும். அந்தக் கணக்குக்குத்தான் சர்வர் எடுக்க வேண்டும். பி2பி மிச்சப்படுத்துவது உபரி லாபம்.

கண்ணுக்கே தெரியாத தவறு, பீர்டியூபுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் இருக்கும். பார்வையாளர்களை ஒருவரோடொருவர் கோர்த்துவிடும் டிராக்கர், வெப்சாக்கெட் (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாக இயங்குகிறது. சொந்தமாக என்ஜின்எக்ஸ் கோப்பு எழுதுபவர்கள் டிராக்கர் பாதைக்கு 'அப்கிரேட்', 'கனெக்‌ஷன்' ஹெடர்களைச் சேர்க்க மறப்பதுண்டு. வீடியோ சர்வரிலிருந்து வந்து நன்றாகவே ஓடும் என்பதால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பேண்ட்வித் பில்தான் சொல்லும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் அந்த வெப்சாக்கெட்டுக்கு 101 பதில் (இணைப்பு ஏற்கப்பட்டதற்கான குறியீடு) வருகிறதா பாருங்கள். பிறகு இரண்டு கணினிகளில் ஒரே வீடியோவை ஓடவிட்டு, பிளேயரில் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால், சர்வரிலிருந்து எவ்வளவு, மற்றவர்களிடமிருந்து எவ்வளவு என்று தெரியும்.

இருக்கிற எல்லா ரெசல்யூஷனையும் டிக் செய்வது அடுத்த தவறு. 720பி துண்டு 480பி பார்ப்பவருக்கு உதவாது. ஐந்து தரம் வைத்தால் 100 பேர் ஐந்து கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் வீடியோவை மாற்றியமைக்கும் டிரான்ஸ்கோடிங் வேலையும் ஏறும். 360, 720 இரண்டுமே பெரும்பாலும் போதும்.

நேரலையில் 'குறைந்த தாமதம்' தேர்ந்தெடுத்தால் பீர்டியூப் பி2பியை நிறுத்திவிடும். கூட்டம் அதிகம், உடனடி உரையாடல் தேவையில்லை என்றால் 'அதிக தாமதம்' வையுங்கள்.

பாதுகாப்பில் முக்கியமானது ஐபி முகவரி. துண்டைப் பரிமாறிக்கொள்பவர்களுக்கு ஒருவர் ஐபி மற்றவருக்குத் தெரியும். மருத்துவம், அரசியல் போன்றவற்றைப் பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. கான்ஃபிக் கோப்பில் பி2பியை ஆரம்பத்திலேயே அணைத்து வைக்கலாம். தளத்துக்கு ஒன்று, எம்பெடுக்கு (வேறு தளங்களில் பதித்துக் காட்டும் பிளேயருக்கு) ஒன்று என இரண்டு அமைப்புகள் உண்டு. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

அப்லோடும் டேட்டாதான். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் அனுப்பினால் 900 எம்பி (மெகாபைட்). தினசரி வரம்புள்ள மொபைல் பிளானில் பார்ப்பவருக்கு, பி2பியை எங்கே அணைப்பது என்று முகப்பிலேயே எழுதி வையுங்கள்.