சென்சார் அடிக்கடி காணாமப் போகுதா? ஜிக்பீயைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

மூணு மாசமா எங்க மாடிப்படி லைட் (ஆள் வந்தா சென்சார் பார்த்து, ஜிக்பீங்கிற வயர்லெஸ் வழியா சொல்லி எரிய வைக்கிறது) அது இஷ்டத்துக்குத்தான் எரிஞ்சுது. முதல் படியில கால் வைக்கிறப்ப எரியாது, தட்டுத் தடுமாறி மேல போய்ச் சேர்ந்தப்புறம் சாவகாசமா எரியும். ஜிக்பீயே வேஸ்ட், அதே வேலை செய்யற இன்னொரு வயர்லெஸ் இசட்-வேவ், அதுக்கு மாறுனு ஒருத்தர் சொல்றார், அதெல்லாம் பழசு, மேட்டர் வாங்குனு இன்னொருத்தர் (பேரே மேட்டர்தான், சிரிக்காதீங்க), எதுக்கு இதெல்லாம் வெறும் வை-ஃபை பல்பு போதுமேனு மூணாவது ஆள். நானும் எல்லாத்தையும் கழட்டி வித்துடலாம்ங்கிற முடிவுலதான் இருந்தேன். கடைசில பார்த்தா ஒரு சாதாரண கேபிள் இல்லாத குறைதான். நான் போன வழியை அப்படியே வரிசையா எழுதறேன். ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு ஸ்மார்ட் சாமானை எல்லாம் ஒரே இடத்துல ஆட்டி வைக்கிற சாஃப்ட்வேர்) போட்டு, டாங்கிளை (ஜிக்பீ பேசற யூ.எஸ்.பி குச்சி) சொருகி, நாலஞ்சு டிவைஸை அதோட பேர் (pair) பண்ணி, அதாவது இணைச்சாச்சுனு வச்சுக்கறேன்.

ஸ்டெப் 1: இன்டர்நெட்டைப் புடுங்குங்க

ரவுட்டரை ஆஃப் பண்ண வேணாம், வெளிய இருந்து வர்ற லைனை மட்டும் கழட்டுங்க. இப்ப ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க. எதெல்லாம் செத்துப்போச்சோ அதெல்லாம் கிளவுடை (கம்பெனியோட இன்டர்நெட் சர்வரை) நம்பி ஓடுற டிவைஸ், அதுல வர்ற கோளாறுக்கு ரேடியோதான் காரணம்னு முடிவு கட்டாதீங்க. என்கிட்ட இருந்த வை-ஃபை ப்ளக் ரெண்டும் இங்கயே அவுட். ஜிக்பீ, இசட்-வேவ் ஹோம் அசிஸ்டன்ட்ல நேரா இருந்தா இதுல அசையாது.

ஸ்டெப் 2: எது எந்த அலைவரிசைனு பிரிச்சுக்கோங்க

ஜிக்பீ, த்ரெட், ப்ளூடூத், பெரும்பாலான வை-ஃபை பல்பு எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அடிச்சுக்குது. இசட்-வேவ் மட்டும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ, அதனால அது இந்தச் சண்டையில இல்ல, சுவரையும் கொஞ்சம் நல்லாத் தாண்டும். ஆனா ஒவ்வொரு நாட்டுக்கும் அதோட அலைவரிசை வேற, ஐரோப்பாவுக்கு 868, அமெரிக்காவுக்கு 908னு போகும், ஊர் மாறி வாங்கினா ஒண்ணோட ஒண்ணு பேசாது. மேட்டர்ங்கிறது ரேடியோவே கிடையாது, 2022 அக்டோபர்ல வந்த ஒரு பொது பாஷை, அது த்ரெட், வை-ஃபை, லேன் கேபிள்னு ஏதாவது ஒண்ணு மேலதான் ஓடும். த்ரெட்டுக்கும் ஜிக்பீக்கும் அடியில இருக்கிறது ஒரே ரகம், 802.15.4ங்கிற குறைஞ்ச பவர் ரேடியோ. அதனால ஜிக்பீ உங்க வீட்டுல தகராறு பண்ணா த்ரெட்டும் அதே இடத்துல தகராறு பண்ண வாய்ப்பு ஜாஸ்தி. இது புரிஞ்சப்புறம்தான் கார்டைத் தேய்க்கிற கை நின்னுச்சு.

ஸ்டெப் 3: டாங்கிளை எக்ஸ்டென்ஷன் கேபிள்ல போடுங்க

இங்கதான் நான் மூணு மாசம் மாட்டிக்கிட்டேன், அதனால கொஞ்சம் இழுத்துச் சொல்றேன்.

என் குட்டி கம்ப்யூட்டர்ல பின்னாடி ரெண்டு நீல கலர் யூ.எஸ்.பி ஓட்டை (நீலம்னா பெரும்பாலும் யூ.எஸ்.பி 3.0). ஒண்ணுல எஸ்.எஸ்.டி டிஸ்க், பக்கத்துலயே ஒட்டி இன்னொண்ணுல ஜிக்பீ டாங்கிள். பார்க்க அவ்வளவு கச்சிதம். ஆனா யூ.எஸ்.பி 3.0 வேலை செய்யறப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமா இரைச்சலைக் கக்கும், இதைப் பத்தி இன்டெல் 2012லயே ஆவணம் போட்டிருக்கு. ஓட்டை, கேபிள், சொருகின டிஸ்க் எல்லாத்துல இருந்தும் வரும். டாங்கிளோட ஆன்டெனா அந்த இரைச்சலுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி நிக்குது, அப்புறம் மாடியில இருக்கிற பட்டன் பேட்டரி சென்சார் முனகறது அதுக்கு எங்க கேட்கப் போகுது. கல்யாண மேளத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்துட்டு போன் பேசற கதைதான்.

இதுல ஏமாந்துபோறது எங்கனா, முழுசா வேலை செய்யாம இருக்காது. ஜிக்பீல அனுப்பினது போய்ச் சேரலைனா திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அந்த மறு முயற்சிதான் நமக்கு 'லேட்டா எரியுது'னு தெரியறது. லேட்டா எரியற லைட்டும் செத்துப்போற சென்சாரும் ரெண்டு நோய் இல்ல, ஒரே நோயோட முதல் கட்டமும் ரெண்டாம் கட்டமும். ராத்திரி பேக்கப் ஓடி டிஸ்க் பிசியா இருக்கிற நேரத்துலதான் எனக்கு சென்சார் விழுந்துச்சு, நான் அதை ரொம்ப நாள் கவனிக்கவே இல்ல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு மீட்டருக்குக் குறையாத யூ.எஸ்.பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள். 3.0 கேபிள் வாங்காதீங்க, பழைய 2.0 தான் வேணும். கருப்பு ஓட்டை (பெரும்பாலும் 2.0) இருந்தா அதுல சொருகுங்க. டாங்கிளை டிஸ்க், வை-ஃபை ரவுட்டர், இரும்பு அலமாரி மூணுக்கும் தள்ளி வைங்க. நான் ஒரு டேப் போட்டு சுவத்துல ஒட்டினேன், அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா அன்னிக்கு சாயங்காலமே படிக்கட்டு லைட் கால் வச்சதும் எரிஞ்சுது. என்னைக் கேட்டா, புதுசா வாங்கறவங்க லேன் கேபிள்ல மாட்டற கோஆர்டினேட்டர் (டாங்கிள் செய்யற அதே வேலையைச் செய்யற பெட்டி) வாங்குங்க, வீட்டு நடுவுல வச்சுடலாம், இந்தத் தொல்லையே இல்ல. வை-ஃபைல ஓடற கோஆர்டினேட்டர் மட்டும் வேணவே வேணாம்.

ஸ்டெப் 4: சேனல் நம்பர்ல ஏமாறாதீங்க

என் வை-ஃபை சேனல் 1, ஜிக்பீ சேனல் 11. ஆஹா, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தூரம்னு நிம்மதியா இருந்தேன். ரெண்டு நம்பரும் வேற வேற கணக்கு! ஜிக்பீ சேனல் 11ல இருந்துதான் ஆரம்பிக்கும், 26ல முடியும். ஜிக்பீ 11ங்கிறது 2405 மெகாஹெர்ட்ஸ், வை-ஃபை 1 சுமாரா 2401ல இருந்து 2423 வரைக்கும் படுத்திருக்கு. அதாவது நேரா அதோட மடியிலயே உட்கார்ந்திருந்தேன். ஜிக்பீ2எம்க்யூடிடில (ஜிக்பீ டிவைஸை ஹோம் அசிஸ்டன்ட்டோட கோக்கற சாஃப்ட்வேர்) நாமளா மாத்தலைனா 11 தான் வரும்.

வை-ஃபை 1, 6, 11க்கு நடுவுல இருக்கிற சந்துல 15ம் 20ம் விழும், 25 ஓரத்துல தப்பிச்சுக்கும். 26 வேணாம், சில டிவைஸ் அதுல பவரைக் குறைச்சுக்கும், சிலது சேரவே சேராது. அப்படியே ரவுட்டர்ல 2.4க்கு 'ஆட்டோ' சேனலை எடுத்துட்டு ஒண்ணை நிரந்தரமா வைங்க, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும், 40 வச்சா பாதி இடத்தை அதுவே முழுங்கிடும்.

ஸ்டெப் 5: நடுவுல ஆள் நிறுத்துங்க

கரண்ட்ல ஓடற ஜிக்பீ டிவைஸ் பெரும்பாலும் அடுத்ததுக்குத் தகவலைக் கடத்தும், பேட்டரில ஓடறது கடத்தாது. எங்க வீட்டுல ஹால்ல இருந்த ஸ்மார்ட் பல்புதான் கதவு சென்சாருக்குப் பாலம். அம்மா தூங்கப் போறப்ப பழக்க தோஷத்துல சுவர் ஸ்விட்சை அணைச்சுடுவாங்க, அவ்வளவுதான், பாலம் காலி. "ஏம்மா அணைச்சீங்க"னு கேட்டா "எரியற லைட்டை அணைக்காம வேற என்னடா பண்ணுவாங்க"னு பதில். நியாயம்தானே. பல்பை நம்பாம, யாரும் தொடாத இடத்துல ரெண்டு ஸ்மார்ட் ப்ளக் போடுங்க. சென்சாரை கம்ப்யூட்டர் பக்கத்துல வச்சு பேர் பண்ணாம, அது இருக்கப் போற இடத்துலயே வச்சு பண்ணுங்க, சிலது முதல்ல பிடிச்ச பாலத்தை லேசுல விடாது.

எது எது வழியா பேசுதுனு சாஃப்ட்வேர் வரைஞ்சு காட்டற அந்த அழகான நெட்வொர்க் மேப்பைப் பார்த்துப் பயப்படாதீங்க, அது அந்த நொடிக்கு எடுத்த போட்டோ. நான் 'கடைசியா எப்ப பேசுச்சு'ங்கிற நேரத்தை மட்டும்தான் பார்க்கிறேன்.

அப்டேட்: சேனல் மாத்தினதும் பாதி சென்சார் போச்சேனு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. மன்னிச்சுக்கோங்க, எழுத விட்டுட்டேன். மாறப் போறோம்னு அறிவிப்பு போறப்ப பேட்டரி சென்சார் தூங்கிட்டிருக்கும், தானா வர ஒரு நாள் டைம் குடுங்க, வராததை மட்டும் திரும்ப பேர் பண்ணுங்க. அதனால ஸ்டெப் 3 முடிச்சு ஒரு வாரம் பாருங்க, சரியாயிடுச்சுனா ஸ்டெப் 4 பக்கமே போகாதீங்க.

இன்னொரு அப்டேட்: ப்ளக்குக்குப் பதிலா ஸ்விட்ச் போர்டுக்குள்ள ரிலே (உள்ள ஒளிச்சு வைக்கிற குட்டி ஸ்மார்ட் ஸ்விட்ச்) வச்சும் பாலம் கிடைக்கலைனு ஒருத்தர். உங்க ரிலே நியூட்ரல் வயர் இல்லாத மாடலானு பாருங்க. அந்த வகை பெரும்பாலும் பேட்டரி டிவைஸ் மாதிரிதான், கரண்ட்ல இருந்தாலும் கடத்தாது.