மட்டக்களப்பில் சாப்பிட: எந்தக் கடை என்பதற்கு முன் எத்தனை மணி என்று பாருங்கள்

கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிற்பகல் இரண்டரை மணிக்குப் பசியோடு, நகர மையமான புளியந்தீவுத் தெருவில் நிற்பவருக்கு மட்டக்களப்புச் சாப்பாடு பிடிக்காமல் போவதில் வியப்பில்லை. அந்நேரம் சோற்றுப் பானையின் அடி தெரியும், ரொட்டிக் கல்லில் சூடு ஏறியிருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் காலையில் பொரித்த றோல்ஸ் இரண்டு கிடக்கும். அதைத் தின்றுவிட்டு ஊரைக் குறை சொல்வது நியாயமில்லை. இங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரமும், களப்பின் (உவர்நீர்க் கழியின்) இந்தக் கரை அந்தக் கரை என்று ஒரு பக்கமும் உண்டு. அது பிடிபட்டால் கடைப்பெயர்ப் பட்டியல் தேவையே இல்லை.

காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை புளியந்தீவும் பஸ் நிலையத்தைச் சுற்றிய சைவக் கடைகளும். இடியப்பம், பிட்டு, தோசை, உழுந்து வடை. இடியப்பம் கேட்குமுன் ஒரு கேள்வி: அரிசி மாவா, கோதுமை மாவா? கோதுமை மா இடியப்பம் வெள்ளையாக அழகாய் இருக்கும். சொதி ஊற்றியதும் ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகிவிடும். சிவப்பரிசி மாவில் அவித்தது சொதியை உறிஞ்சியும் இழை இழையாய் நிற்கும். ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு இடியப்பம் போதும். ஒன்பது மணிக்குப் பிறகு வாங்காதீர்கள், காற்றுப்பட்டு ஓரம் விறைத்துவிடும். அப்பம் என்றால் காலையோ மாலையோ அடுப்பு எரிகிற இடத்தில் நின்று, தாச்சியிலிருந்து எடுத்த கையோடு தின்ன வேண்டும். அப்பத்தைப் பார்சல் கட்டுவது வீண்வேலை. ஆவி உள்ளே அடைபட்டு, ஐந்து நிமிடத்தில் மொறுமொறு ஓரம் துணிபோல் துவண்டுவிடும்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சைவக் கடைக்கு வெளியே எங்கும் "மாசி போட்டதா?" என்று கேட்டே ஆக வேண்டும். சீனிச் சம்பலிலும் கட்டச் சம்பலிலும் மாசிக் கருவாடு இருப்பது வழமை. சில இடங்களில் தேங்காய்ச் சம்பலிலும் இருக்கும். மரக்கறி என்று சொல்லித் தருபவர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் மாசி ஒரு வாசனைச் சரக்கு, அவ்வளவுதான். மரக்கறிக் கொத்து ரொட்டியும் இறைச்சி கொத்திய அதே கல்லில்தான் வரும்.

மதியச் சோறு பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள். கந்தோர்க்காரர்கள் (அலுவலகத்தார்) பன்னிரண்டரைக்கு வந்து இறங்குவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னே போனால் இருக்கையும் கிடைக்கும், மீனில் நடுத்துண்டும் கிடைக்கும். முறை எளிது: சோறும் மூன்று நான்கு கறியும் ஒரு விலை, மீனோ இறைச்சியோ துண்டுக் கணக்கில் தனி விலை. சோறும் மரக்கறியும் சொதியும் கேட்டால் திரும்பவும் போடுவார்கள், மீன் அப்படியில்லை. முதலில் "இன்றைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள், பிறகு குழம்பா பொரியலா என்று முடிவெடுங்கள். அறுக்குளா, பாரை இரண்டும் எப்படியும் நன்றாக இருக்கும். சூரை பொரித்தால் கட்டைபோல் வறண்டுவிடும், அதைப் புளிக் குழம்பில் கேளுங்கள். களப்பு மீனான ஓராவும் திரளியும் ருசியில் கடல்மீனுக்கு இளைத்தவை அல்ல, ஆனால் முள்ளெடுக்கப் பழகாத பிள்ளைகளுக்கு வேண்டாம். கார்த்திகையிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிப்பதால் படகுகள் குறைவாகவே இறங்கும். அந்த மாதங்களில் பெரிய கடல்மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐஸில் கிடந்தது வரும். களப்பில் பிடித்ததைக் கேட்பதே புத்தி.

வெள்ளிக்கிழமை இரண்டு விதமாக இடிக்கும். பலர் அன்று மச்சம் (மீன், இறைச்சி) தொடுவதில்லை, அதனால் சைவக் கடைகளில் பன்னிரண்டே முக்காலுக்கெல்லாம் கறி தீர்ந்துவிடும். முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். அன்று பன்னிரண்டு மணிக்கு முன் சாப்பிடுங்கள், காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் என்றால் இரண்டுக்குப் பின்னும் சாப்பிடலாம். ஆடி அமாவாசையை ஒட்டிய மாமாங்கப் பிள்ளையார் திருவிழா நாட்களிலும் சைவக் கடைகளில் இதே நெரிசல்தான்.

இனி நண்டு. இந்த ஊருக்கு வந்து நண்டு சாப்பிடாமல் போகிறவர்கள் பெரும்பாலும் சொல்லி வைக்காததால்தான் சாப்பிடாமல் போகிறார்கள். நல்ல களப்பு நண்டு சட்டியில் காத்திருப்பதில்லை. பாலத்துக்கு அப்பால் கடற்பக்கம் உள்ள கல்லடி விடுதிகளிலும் தங்குமிடங்களிலும் முதல்நாள் மாலையே, தவறினால் காலை ஒன்பதுக்குள்ளாவது சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது நான்கு விஷயம்: எத்தனை பேர், எத்தனை கிலோ, உறைப்பு எவ்வளவு, சோறா பிட்டா. இரண்டு பேருக்கு உயிர் எடையில் ஒரு கிலோ கணக்கு. அதில் ஓடு போகச் சதை மூன்றில் ஒரு பங்குதான் தேறும், ஆகவே அரைக் கிலோவில் இருவர் பசியாற முடியாது. பிறகு விலை. கிலோவுக்கா, தட்டுக்கா? கிலோ என்றால் உயிர் எடையா, துப்புரவு செய்த எடையா? இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் பில் வரும்போது முகம் மாறுகிறது.

நண்டைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம், குசினிக்காரர் தப்பாக எடுக்கமாட்டார். கால் அசைய வேண்டும். கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய பாரம் தெரிய வேண்டும். வயிற்றுப் பக்கம் பின்காலுக்கு அருகே விரலால் அழுத்தினால் கல்போல் நிற்க வேண்டும். அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான். செத்து நேரமான நண்டின் சதை மாவாகி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், மூக்கைக் குத்தும் ஒரு நெடியும் வரும். குழம்பு மேசைக்கு வந்தபின் இது தெரிந்தால், உறைப்பைக் கூட்டி மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தட்டைத் திருப்பி அனுப்புங்கள். முருங்கையிலையைப் பெரும்பாலும் சொல்லாமலே போடுவார்கள், இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சமைக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். துணைக்குச் சோற்றைவிடப் பிட்டே சரி, குழம்பை முழுதாய் வாங்கிக்கொள்ளும். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தில் மீன்பாட்டு (களப்பு நீருக்குள்ளிருந்து எழுவதாகச் சொல்லும் இசை) கேட்கப் போகிறவர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பாட்டு, இரவு அடங்கிய பிறகுதான் கேட்குமாம். கல்லடிக் குசினிகளோ ஒன்பது ஒன்பதரைக்கே அடங்கத் தொடங்கும். தவிர அன்று போயா தினம், நாடு முழுவதும் மதுபானம் விற்கமாட்டார்கள். ஒரு போத்தல் பியரோடு 1924இல் திறந்த பழைய பாலத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்ற திட்டம் அந்த ஓர் இரவுக்கு மட்டும் சரிவராது.

மாலையில் பாலம் கடந்து தெற்கே, காத்தான்குடிக்குப் போங்கள். நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். வீதி நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக வந்தால் இறங்கலாம். ஓட்டோவில் ஏறுமுன் போக, வர இரண்டுக்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்வது நல்லது. இரவுச் சாப்பாட்டுக்கு இந்தப் பக்கத்தை மிஞ்ச ஆளில்லை: பராட்டாவும் மாட்டிறைச்சிக் கறியும், புரியாணி, கடைசியில் வட்டிலப்பம். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இம்மாவட்டத்தில் சொல்வார்கள். சாப்பாட்டு மேசையில் அது வெறும் பேச்சில்லை, இரவு எட்டு மணிக்குப் புரியாணி வாங்க வருபவர்களில் கல்லடிக்காரரும் இருப்பார்கள். ஐந்தாறு பேராக வருகிறவர்கள் சவன் சாப்பாடு கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்பது அது. நோன்பு மாதத்தில் பகலில் இங்கே கடை தேடாதீர்கள். அஸ்தமனத்தை ஒட்டிக் கஞ்சியும் சமோசாவுமாகத் தெரு தானாக விழிக்கும். மதுபானம் எந்த நாளும் கிடையாது, கேட்கவும் வேண்டாம்.

கொத்து ரொட்டிக்கு ஆறரைக்கு மேல் போங்கள். கல்லில் தகடு அடிக்கிற சத்தம் தொடர்ந்து கேட்கிற கடையே நம்பிக்கை. ரொட்டி சுடச்சுடத் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாத கடையில் மதியத்து ரொட்டி. அது காய்ந்து கிடப்பதால் ஆணத்தை (கறிக் குழம்பை) அள்ளி ஊற்றி நனைப்பார்கள், தட்டில் வருவது களி. "ஆணம் தனியா தாங்க" என்றால் இந்தச் சிக்கல் பாதி தீரும். ஒரு முழுக் கொத்து இருவருக்குத் தாராளம்.

பாசிக்குடா வடக்கே முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவில். கடற்கரை ஹோட்டல்களில் மதிய பஃபே உண்டு, உறைப்புக் குறைவு, பில்லில் பத்து வீதம் சேர்விஸ் சார்ஜ் ஏறும். ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் வழியில் வாழைச்சேனையிலோ ஓட்டமாவடியிலோ இறங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கடலுக்குப் போவது மேல்.

தயிரை விட்டுவிட முடியாது. களப்புக்கு மேற்கே படுவான்கரையில் மாடும் வயலும். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிருக்கு இந்த மாவட்டம் பெயர்பெற்றது. சட்டியைச் சரித்துப் பாருங்கள்: தயிர் அசையாமல் நிற்க வேண்டும். மேலே தண்ணீர் தேங்கியிருந்தால் குலுங்கியதாகவோ நாள்பட்டதாகவோ இருக்கும். காலையில் வாங்கி மதியச் சோற்றுக்குப் பின் சீனியோ பாணியோ போட்டுச் சாப்பிடுங்கள். வெயிலில் மாலைவரை வைத்தால் புளிப்பு ஏறிவிடும். கொழும்புக்குக் கொண்டு போவதாயின் இரவு ரயிலுக்குப் புறப்படும் அன்று மாலையில் வாங்குங்கள். மண்சட்டி ஈரம் கசியும், ஆகவே உடுப்புப் பையோடு சேர்க்காமல் பத்திரிகைத் தாளில் சுற்றி, இருக்கைக்குக் கீழே சமமாக வைக்கவும். மேல் தட்டில் வைத்தால் பொலன்னறுவை தாண்டுமுன் கீழே இருப்பவர் தலையில் சொட்டும்.