சிங்கப்பூர்ல சம்பளம் வரலன்னா எங்க போறது, போறதுக்கு முன்னாடி கையில என்ன வச்சிருக்கணும்

வொர்க் பெர்மிட்ல வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது ஒரே மாதிரிதான் நடக்குது. ஒரு மாச சம்பளம் வரல, பாஸ் (முதலாளி) அடுத்த மாசம் சேத்து தரேன்னு சொல்றாரு, ஊர்ல வட்டி கட்டணுமேன்னு கூட இருக்கறவங்ககிட்ட கடன் வாங்கி ஓட்டுறாங்க, அப்படியே மூணு மாசம் நாலு மாசம் போயிடுது, கடைசியில பெர்மிட்ட கேன்சல் பண்ணி டிக்கெட்ட கையில கொடுத்த அன்னைக்கு ராத்திரிதான் உதவி கேட்டு போன் அடிக்கிறாங்க. அந்த நேரத்துல யாரு வந்தாலும் செய்ய முடியறது கம்மி. சீக்கிரம் போங்க, பேப்பரோட போங்க, நான் சொல்ல வர்றது இதுதான்.

முதல்ல எப்ப லேட்டுன்னு தெரிஞ்சிக்கணும். சம்பள மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள சம்பளம் வரணும், ஓடி காசு, அதாவது ஓவர்டைம் காசு, 14 நாளுக்குள்ள வரணும், இது வேலை நியமனச் சட்டத்துல இருக்கு. "ப்ராஜெக்ட் காசு வரல, மெயின் கான்ட்ராக்டர் கொடுக்கல"ன்னு சொல்றதெல்லாம் கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ள பிரச்சனை, உங்க சம்பளத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு மாசம் தவறுனா கேளுங்க, வாயால கேக்காம வாட்ஸ்அப்ல கேளுங்க, பதில் அதுலயே இருக்கும், பிறகு அதுவே சாட்சி.

இப்ப பேப்பர் விஷயம். எல்லாத்துக்கும் மேல ஐபிஏ லெட்டர், அதாவது வேலைக்கு வர முன்கூட்டியே கிடைக்கிற அனுமதி லெட்டர். ஊர்லேருந்து ஏறும்போது கொடுத்திருப்பாங்களே அதுதான், அதுல பேசிக் எவ்ளோ, அலவன்ஸ் எவ்ளோ, என்ன பிடிப்பாங்கன்னு மனிதவள அமைச்சுக்கு கம்பெனி சொன்ன கணக்கு இருக்கும். ஏஜெண்ட் வாயால சொன்ன சம்பளம் நிக்காது, ஐபிஏல உள்ளது நிக்கும். இங்க வந்தப்புறம் குறைச்சு தரணும்னா நீங்க எழுத்துல சம்மதிச்சு, அதை அமைச்சுக்கும் தெரியப்படுத்தணும். அதனாலதான் புரியாத பேப்பர்ல கையெழுத்து போடாதீங்கன்னு கத்துறோம், தொகை எழுதாத வவுச்சர்ல கையெழுத்து வாங்குற இடம் இன்னும் இருக்கு. கையெழுத்து போட்டே ஆகணும்னு நெருக்குனா போடறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

ஐபிஏ, பெர்மிட் ரெண்டு பக்கமும், பாஸ்போர்ட், மாசாமாசம் சம்பள சிலிப், பேங்க்ல ஏறுன கணக்கு, டைம் கார்டு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஊர்ல இருக்கற ஒருத்தருக்கும் அனுப்பி வச்சிடுங்க, போன் தொலைஞ்சா அழிஞ்சா அங்க இருக்கும். சம்பள சிலிப் கொடுக்கணும்னு 2016 ஏப்ரல்லேருந்து சட்டமே இருக்கு. தரலன்னா அதுவே தனி தப்பு, அதையும் கேஸ்ல சொல்லலாம். பாஸ்போர்ட்ட கம்பெனி பூட்டி வச்சிக்கறதும் குற்றம்தான்.

டைம் கார்டு உங்க கையில இல்ல, சூப்பர்வைசர்கிட்டதான் இருக்குன்னா நீங்களே ஒரு சின்ன நோட்டு போடுங்க. தேதி, எந்த சைட், எத்தன மணிக்கு ஆரம்பம், எத்தன மணிக்கு முடிவு, சாப்பாட்டு நேரம் எவ்ளோ, ஞாயிறு வேலையா. தினமும் லாரியில திரும்பும்போது எழுதுங்க, வாரக்கடைசில மொத்தமா யோசிச்சு எழுதாதீங்க, ஒரே நாள்ல ஒரே பேனால எழுதுன முப்பது நாள் கணக்க பாத்தாலே தெரிஞ்சிடும். உதவி அமைப்புக்கு வர்றவங்கள்ல நோட்டு வச்சிருக்கறவங்க கேஸும் வெறும் கையோட வர்றவங்க கேஸும் ஒண்ணா போறதே இல்ல.

ஓடி கணக்கு பல பேருக்கு தெரியாது, கம்பெனிக்கு அது ரொம்ப வசதி. பேசிக்கை 12 ஆல பெருக்கி, வர்றத 2288 ஆல வகுத்தா (52 வாரம், வாரத்துக்கு 44 மணி) ஒரு மணி நேர ரேட் கிடைக்கும், ஓடிக்கு அதுல ஒன்றரை மடங்கு. பேசிக் 800 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) வைங்க, ஒரு மணிக்கு 4.20 கிட்ட வரும், ஓடி 6.29 வெள்ளி. கம்பெனி மணிக்கு 4 வெள்ளின்னு ஃபிளாட்டா போட்டா மாசம் 60 மணி ஓடிக்கு 137 வெள்ளிக்கு மேல போகுது. ஒரு வருஷத்துக்கு கூட்டிப் பாருங்க, ஊர்ல ஒரு குடும்பத்துக்கு அது எவ்ளோ பெரிய காசுன்னு. வார ஓய்வு நாள்ல முதலாளி கூப்பிட்டு பாதி நாளுக்கு மேல வேலை செஞ்சா ரெண்டு நாள் சம்பளம். சேவிங்ஸ்னு சொல்லி மாசாமாசம் பிடிக்கிறது, பெர்மிட் ரினீவ் பண்ண காசு கேக்கறது, ரெண்டுமே செய்யக்கூடாதது. ரினீவலுக்கு காசு கேட்டு மெசேஜ் வந்தா அழிச்சிடாதீங்க.

சரி, எங்க போறது. டிடபிள்யூசி 2 (TWC2), ஹோம் (HOME), வெளிநாட்டு தொழிலாளிங்களுக்கு உதவுற இந்த ரெண்டும் 2004லேருந்து பதிவான தன்னார்வ அமைப்புங்க, அரசாங்கமும் இல்ல கம்பெனியும் இல்ல. எம்டபிள்யூசி (MWC), அதாவது வெளிநாட்டு ஊழியர் நிலையம், 2009ல வந்தது, தொழிற்சங்க காங்கிரஸும் முதலாளிங்க சம்மேளனமும் சேந்து நடத்துறது, அவங்க ஹெல்ப்லைன் 6536 2692, ராத்திரியும் எடுப்பாங்க. எங்கயும் ஃபீஸ் கிடையாது. கேஸ் முடிச்சு தரேன் இத்தன பர்சன்ட் கொடுன்னு ஒருத்தர் கேட்டா அவரு அமைப்பு ஆளு இல்ல, ப்ரோக்கர். வீட்டு வேலைக்கு வந்த அக்கா தங்கச்சிங்களுக்கு சட்டம் வேற மாதிரி, வேலை நியமனச் சட்டத்தோட மணிக்கணக்கு அவங்களுக்கு பொருந்தாது, அவங்க நேரா ஹோமுக்கு போறது நல்லது, தங்க இடமும் வச்சிருக்காங்க.

இந்த அமைப்புங்க என்ன செய்யும்னு தெளிவா சொல்லிடறேன், ஏன்னா பெரிய எதிர்பார்ப்போட வந்து வருத்தப்படறாங்க. பாஸுக்கு ஆர்டர் போட அவங்களுக்கு அதிகாரம் கிடையாது, வேலை வாங்கி தர்றது அவங்க வேலை இல்ல. உங்க பேப்பர எல்லாம் பாத்து, மாசாமாசம் எவ்ளோ வரணும் எவ்ளோ வந்திருக்குன்னு கணக்கு போட்டு, எங்க எப்படி மனு போடணும்னு சொல்லி, கூட நிப்பாங்க. நிறைய கேஸ் ஜெயிக்கறதும் தோக்கறதும் அந்த கணக்குலதான்னு நான் நினைக்கிறேன். அதனால உண்மைய முழுசா சொல்லுங்க, கையில காசா வாங்குன அட்வான்ஸயும் சொல்லுங்க, அங்க மறைச்சா கம்பெனி அத எடுத்து வைக்கும்போது மத்த எல்லா கணக்கையும் சந்தேகமா பாப்பாங்க.

மனு போடற இடம் டாடம் (TADM), சம்பள தகராற பேசி தீத்து வைக்கற முத்தரப்பு அமைப்பு. அங்க முதல்ல சமரசப் பேச்சு, ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சு பேசுவாங்க. ஒத்து வரலன்னா அவங்க தர்ற சான்றிதழ வச்சு நாலு வாரத்துக்குள்ள வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்கு போகலாம், அங்க ரெண்டு பக்கமும் வக்கீல் கிடையாது, கம்பெனி பெரிய வக்கீல கூட்டிட்டு வருமேன்னு பயப்பட வேணாம். தமிழ்ல பேசணும்னா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு முன்கூட்டியே கேளுங்க, அரைகுறை இங்கிலீஷ்ல தலையாட்டிட்டு வந்துடாதீங்க. 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், யூனியன் மூலமா போனா 30,000.

கெடு ரொம்ப முக்கியம். வேலையில இருந்துட்டே கேக்கறதா இருந்தா ஒரு வருஷத்துக்குள்ள வந்த பாக்கியத்தான் கேக்க முடியும், ரெண்டு வருஷத்துக்கு முந்துன ஓடி காசெல்லாம் போனது போனதுதான். வேலைய விட்டுட்டா கடைசி நாள்லேருந்து 6 மாசம். பொறுமையா இருந்தா பாஸ் மனசு மாறும்னு காத்திருக்கற ஒவ்வொரு மாசமும் பின்னாடி ஒரு மாச பாக்கி கழண்டு விழுது.

அடிபட்ட கேஸ் வேற சட்டம், யார் தப்புன்னு பாக்காம நஷ்டஈடு உண்டு, விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். டாக்டர்கிட்ட சைட்ல விழுந்தேன்னே சொல்லுங்க, டார்ம் (தங்கற விடுதி) பாத்ரூம்ல வழுக்குனதா சொல்லச் சொல்வாங்க, சொல்லாதீங்க, ஆஸ்பத்திரி எழுதற முதல் ரெக்கார்டுதான் கடைசி வரைக்கும் வரும். எம்சி (டாக்டர் தர்ற மெடிக்கல் லீவு சீட்டு) ஒரிஜினல கொடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, எம்சி நாளுக்கும் சம்பளம் இருக்கு.

கேஸ் போட்டா வேலை போயிடுமேங்கற பயம் நியாயமானது, நான் அத லேசா சொல்ல மாட்டேன். பெர்மிட் கேன்சல் ஆகி ஸ்பெஷல் பாஸ்ல (கேஸ் முடியற வரைக்கும் தங்க தர்ற தற்காலிக அனுமதி) இருக்கும்போது பொதுவா வேலை செய்ய முடியாது, தெரியாம கள்ள வேலைக்கு போனா கேஸோட சேந்து நீங்களும் மாட்டுவீங்க. சாப்பாட்டுக்கே கஷ்டமாகும். அதுக்காகத்தான் டிடபிள்யூசி 2 லிட்டில் இந்தியாவுல கஃப் ரோடு பேர்ல 2008லேருந்து இலவச சாப்பாடு நடத்துறாங்க, வெக்கப்படாம போங்க, சாப்பிடற இடத்துலயே கேஸ் விஷயமும் கேக்கலாம். உங்க பாக்கி உண்மைதான்னு அமைச்சு ஏத்துக்கிட்டா பழைய முதலாளி சம்மதம் இல்லாமலே வேற கம்பெனி தேட விடறதும் உண்டு, ஆனா எல்லாருக்கும் கிடைக்கும்னு நம்பி கணக்கு போடாதீங்க.

திடீர்னு ஆள் வந்து பைய எடு, ஏர்போர்ட் போலாம்னு கூப்பிட்டா சண்டை போடாதீங்க. சாங்கில பாஸ்போர்ட் பாக்குற கவுண்டர்ல இருக்கற அதிகாரிகிட்ட, எனக்கு சம்பள பாக்கி இருக்கு நான் போக விரும்பலன்னு சொல்லுங்க, அந்த கவுண்டர தாண்டிட்டா அப்புறம் கஷ்டம்.

சமரசத்துல முடிஞ்சா கையெழுத்துக்கு முன்னாடி தொகை, எந்த தேதி, எந்த அக்கவுண்டுக்குன்னு மூணும் எழுதியிருக்கான்னு பாருங்க. தவணையா தரேன்னு சொன்னா கடைசி தவணை உங்க டிக்கெட் தேதிக்கு முன்னாடி விழுற மாதிரி கேளுங்க. சொன்ன தேதில காசு ஏறலன்னா அந்த ஒப்பந்தத்தை கோர்ட்ல பதிவு பண்ணி வசூலுக்கு போகலாம், பதிவு பண்ணவும் நாலு வாரம்தான் டைம், அதனால ஒரிஜினல பத்திரமா வச்சுக்கிட்டு அந்த வாரமே கேஸ் பாத்தவங்ககிட்ட காட்டிடுங்க.