மழைக்கு முதல் பீலி திருத்தினோம்

கொழும்பில் மே மாதம் தென்மேல் பருவ மழை பிடித்துவிட்டால் கூரைப் பக்கம் ஏற வழியில்லை. அதனால் வெள்ளவத்தை வீட்டில் தேங்கிக் கிடந்த வேலைகளை ஏப்ரல் கடைசி ஞாயிறு நானும் தம்பியும் எடுத்துப் போட்டுச் செய்தோம்.

பெரிய வேலை கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலிதான். பின்பக்கம் நடுவில் தொய்ந்து, மாஞ்சருகும் கறுத்த சேறும் மண்டி, தண்ணீர் நின்றது. அள்ளிய சேற்றில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த இடத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் வடித்துவிட்டால் போதாது. உட்புறத்தைப் பிரஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

பிறகு சரிவு. இரு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டி, 10 அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் வரும்படி தாங்கிகளை 2 அடிக்கு ஒன்றாகப் பூட்டினோம். கடற்காற்று சாதாரண ஆணியைத் தின்றுவிடும், எவர்சில்வர் ஸ்க்ரூதான் நிற்கும். காசு கூட என்றாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மூட்டுக்குச் சிலிக்கன் பூச வெளிக்கிட்டபோது, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, "அந்தரப்படாதை தம்பி, முதல்ல நல்லாக் காயட்டும்" என்றார். சரியான பேச்சு. ஈரத்தில் சிலிக்கன் ஒட்டாது.

காயும் நேரத்தில் குசினிப் பைப்புக்கு வோஷர் மாற்றி, கேற் பிணைச்சலுக்குக் கிறீஸ் பூசினோம்.

சிலிக்கன் இறுக ஒரு நாள் விட்டு, மறுநாள் மேல் முனையில் வாளித் தண்ணீர் ஊற்றினோம். முழுவதும் வடிந்தது, மூட்டில் ஒரு சொட்டும் இல்லை.