ஜெர்மனியில் மேற்படிப்பு: "அட்மிஷன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று விடக்கூடாதவை

நல்ல மதிப்பெண் இருந்தும் ஜெர்மனிக்குப் போவது ஒரு வருடம் தள்ளிப்போன பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், அநேகமாக ஒரு தேதியைத்தான் சொல்வார்கள். ஒரு சான்றிதழ் இரண்டு வாரம் தாமதமாக வந்திருக்கும். "முதலில் அட்மிஷன் வரட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டில் யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. விண்ணப்பத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கடைசி நாள் ஜூலை 15. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ கதவை மூடிவிடும் துறைகள் பல உண்டு. இந்தியாவில் பட்டம் வாங்கிவிட்டு அங்கே படிக்கப் போகிறவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். நம் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் தாள் அது. கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், விண்ணப்பம் குவியும் மாதங்களில் இன்னும் இழுக்கும். விசாவுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அடுத்த அக்டோபரில் சேர நினைப்பவர் இந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல், இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பட்டச் சான்றிதழில் அதே எழுத்து பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், அல்லது குடும்பப் பெயருக்கான கட்டமே காலி. நமக்கு இது புதிதல்ல. அங்கே உள்ள அலுவலருக்கோ இவர்கள் மூன்று தனி ஆட்கள். எழுத்துக்கூட்டலில் ஏதாவது மாறியிருந்தால் கல்லூரி கடைசி ஆண்டிலேயே திருத்திவிடுங்கள். விண்ணப்பம், வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

பாடப்பிரிவின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பதும் அடிக்கடி நடக்கிறது. கணிதத்தில் இத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று அந்தத் துறையின் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். அது குறைந்தால் ஒன்பது சி.ஜி.பி.ஏ. வைத்திருந்தாலும் நிராகரிப்புதான். ஏஜென்சிகள் இதையெல்லாம் உட்கார்ந்து படிப்பதில்லை. கமிஷன் தரும் தனியார் கல்லூரியின் பக்கம் தள்ளிவிடுவதும் உண்டு. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பிறகுதான், அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை என்று பெற்றோருக்குத் தெரியவருகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதற்காக எல்லா இடத்திலும் இலவசம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடெல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது. அங்கே முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை.

அடுத்தது பணம். முடக்கக் கணக்கு எனப்படும் பிளாக்டு அக்கவுண்டில் ஓர் ஆண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு, விசாவுக்குக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது, அதாவது மாதம் 992. கிளம்பும் முன் இப்போதைய தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதைத் திரட்டியதும் செலவு முடிந்தது என்று பலர் மூச்சு விடுகிறார்கள். அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் அந்தப் பணம் மாதாமாதம் வரத் தொடங்கும். அதற்குள் முதல் மாத வாடகையும், மூன்று மாத வாடகை வரை கேட்கப்படும் முன்பணமும், கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் பல்கலைக்கழகம் வாங்கும் செமஸ்டர் பங்களிப்பும் கட்டியாக வேண்டும். இவற்றுக்கென்று தனியாக ஒரு தொகை கையில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு மாதம் ஏறத்தாழ 140 யூரோ பிடிக்கும். மியூனிக்கில் ஒற்றை அறைக்கு 700 யூரோ கேட்பது சாதாரணம். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் வாடகை வெகுவாகக் குறைவு. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

பகுதிநேர வேலை செய்து கல்விக் கடனை அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு யாரையும் அனுப்பாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள்தான் வேலை செய்ய அனுமதி. ஜெர்மன் பேச வராதவருக்கு அந்த வேலையும் சுலபத்தில் அமையாது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம், ஆனால் கடையும் அரசு அலுவலகமும் வேலைக்கான நேர்காணலும் பெரும்பாலும் ஜெர்மனில்தான். சென்னையில் ஜெர்மன் மொழி கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் ஏ1, ஏ2 என்ற முதல் இரண்டு நிலைகளை முடித்துவிடலாம்.

விசாவில் முன்பெல்லாம் நிராகரித்தால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழி இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் யாரோ எழுதிக்கொடுத்த நோக்கக் கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். இந்தப் பாடத்தை ஏன் படிக்கிறோம் என்பதைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.

வீடு தேடுவதை அட்மிஷன் கடிதம் வந்த அன்றே ஆரம்பியுங்கள். மாணவர் விடுதிகளில் காத்திருப்போர் பட்டியல் நீளம். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பு, சாவி தபாலில் வரும்" என்று யாராவது எழுதினால் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு வேண்டும், அதைத் தர மாட்டேன் என்பவரிடம் அறை எடுக்காதீர்கள்.

மிளகாய்த்தூளும் குக்கரும் பெரிய பெட்டியில் போகட்டும். ஒரிஜினல் சான்றிதழ்கள், ஏ.பி.எஸ்., அட்மிஷன் கடிதம், காப்பீட்டுத் தாள் எல்லாம் கைப்பையில், உங்கள் தோளிலேயே இருக்கட்டும்.